வேட்டி கட்டி பைக் ஓட்டினால் இன்ஷூரன்ஸ் கிடைக்காதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஆவணியில் வரிசையாகக் கல்யாணங்கள். நான் பட்டு வேட்டி, மனைவி பட்டுச் சேலை, பைக்கில்தான் போவோம். வேட்டியோடு ஓட்டினால் போலீஸ் அபராதம் போடும், விபத்து நடந்தால் கம்பெனி பணம் தராது என்று இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொடுத்த ஏஜென்டே சொல்கிறார். போதாததற்கு, செயின் மாற்றும்போது கழற்றிய சாரி கார்டை மெக்கானிக் திரும்ப மாட்டவில்லை. ‘இல்லாமலே லுக்கா இருக்கு சார்’ என்கிறார். என்ன செய்வது?

பதில் (மோட்டார் விபத்து வழக்கறிஞர்): வேட்டிக்கு அபராதம் கிடையாது. 2019-இல் புதிய அபராதங்கள் வந்த சூட்டில் லுங்கி, அரைக்கை சட்டை, செருப்பு எல்லாவற்றுக்கும் தண்டம் என்று ஒரு புரளி ஓடியது. அப்படி எந்தப் பிரிவும் இல்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே அப்போது மறுத்தது. ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியும் உங்கள் ஏஜென்ட் அதைத்தான் விற்கிறார்.

மூன்றாம் நபருக்கு, அதாவது உங்கள் வண்டியால் அடிபடும் வெளியாளுக்கு, இழப்பீடு தராமல் இன்ஷூரன்ஸ் கம்பெனி தப்பிக்க என்னென்ன காரணம் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. லைசென்ஸ் இல்லாதது அதில் உண்டு. வேட்டி இல்லை, சாரி கார்டும் இல்லை.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டது வேறொன்று. உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் ‘தேர்ட் பார்ட்டி’ என்றிருந்தால், உங்கள் பைக்கின் பின்னால் உட்காரும் மனைவிக்கு அதில் ஒரு பைசா பாதுகாப்பு இல்லை. கூடவே வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் உரிமையாளர் தானே ஓட்டும்போது அவருக்கு மட்டும். அதுவும் மரணத்துக்கோ நிரந்தர ஊனத்துக்கோதான். பின்சீட்டுக்காரருக்கு உதவுவது ‘பேக்கேஜ்’ பாலிசி, அதாவது ‘காம்ப்ரிஹென்சிவ்’. அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, சேலைக்கு வருவோம். பெண்கள் இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்காரும்போது கொசுவம் சாரி கார்டின் மேல் விழுகிறது. முந்தானை எங்கே விழுகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது இடது தோளிலிருந்து முதுகுப் பக்கம் இறங்கி, வண்டியின் வலது பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே தொங்குகிறது. அந்தப் பக்கம் கார்டே கிடையாது. அதனால் முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் அழுத்திச் செருக வேண்டும். உள்ளே லெகிங்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது. உங்கள் அங்கவஸ்திரத்துக்குப் பைதான் இடம். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், உள்ளே ஒரு ஷார்ட்ஸ் இருக்கட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சேலை சிக்கி விழும் விபத்தில் எதிர் வண்டி கிடையாது. இழப்பீடு வாங்கித் தருவதாக ஆஸ்பத்திரிகளைச் சுற்றும் புரோக்கர்களுக்கு மிகவும் பிடித்த விபத்து இதுதான். கேஷுவால்டி வாசலில் ஒருவர் அக்கறையாக வந்து நிற்பார். “அண்ணா, சேலை சிக்கிச்சுன்னு சொன்னா ஒண்ணும் வராது. கார் இடிச்சதுன்னு சொல்லுங்க, வண்டி நம்பர் நான் தர்றேன்” என்பார். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்பார், வருவதில் பாதி தனக்கு என்பார். வரும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி தடை. இவர் யார் பேசுவதற்கு?

அவருக்குத் தெரியாத இடத்தில் ஒரு வரி ஏற்கெனவே எழுதியாகிவிட்டிருக்கும். அடிபட்டவரை உள்ளே கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டு, ‘பைக் சக்கரத்தில் சேலை சிக்கி விழுந்தார்’ என்று பதிவேட்டில் குறித்துவிடுவார். ஒரு வாரம் கழித்து நீங்கள் ஸ்டேஷனில் கார் கதை சொன்னால், கம்பெனி வக்கீல் முதலில் வரவழைப்பது அந்தப் பதிவேட்டைத்தான். இழப்பீடு போகும், மோசடி வழக்கு உங்கள் பேரில் வரும். புரோக்கர் அதற்குள் வேறு ஆஸ்பத்திரி வாசலில் இருப்பார்.

நேர்வழியும் இருக்கிறது. பேக்கேஜ் பாலிசி இருந்து, விபத்து உங்கள் கவனக்குறைவால் நடந்ததென்றால், உங்களையும் கம்பெனியையும் எதிர்தரப்பாக்கி மனைவியே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். ‘புருஷன் மேல கேஸா?’ என்று மாமியார் வீடு பதறும். போலீஸும், கண்மூடித்தனமாக ஓட்டியதற்கும் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததற்கும் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகளில் உங்கள் மேல்தான் வழக்குப் பதியும். அதற்குப் பயந்துதான் நல்ல குடும்பங்கள் புரோக்கரிடம் போய் விழுகின்றன. சொந்த மனைவியின் வைத்தியச் செலவுக்குக் கணவனைக் குற்றவாளி ஆக்கும் சட்டத்தை எழுதியவர்கள் ஒருநாள் கேஷுவால்டி வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. மனைவி பூவைச் சம்படத்தில் எடுத்துப் போய் மண்டபத்தில் வைத்துக்கொள்ளட்டும். தலைப்பாகைக்கு விலக்கு உண்டே என்று இந்த ஊரில் மாப்பிள்ளைத் தோழர்கள் மைசூர் பேட்டாவோடு கிளம்புகிறார்கள். 129-ஆம் பிரிவின் விலக்கு, டர்பன் கட்டிய சீக்கியருக்கு. பேட்டாவுக்கு இல்லை, பரிவட்டத்துக்கு இல்லை, முண்டாசுக்கும் இல்லை. டர்பன் கட்டாத சீக்கியருக்குக்கூட இல்லை. சிக்னல் கேமராவிடம் முகூர்த்த நேரம் சொல்லி வாதாட முடியாது. ஆனால் அபராதம் கட்டாமல் இழுத்தடித்தவர்களுக்கு 2023 பிப்ரவரியில் இதே ஊரில் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். உடனே கட்டியவன் ஏமாளி!

ஹெல்மெட்டைத் துரத்தும் அந்தக் கேமராக்கள் சாரி கார்டைப் பார்ப்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் வண்டியில் இருக்க வேண்டும். புது வண்டி வாங்கும்போது இவற்றையே ‘ஆக்சஸரீஸ்’ என்று சீட் கவரோடு சேர்த்து பில் போடும் ஷோரூம்கள் உண்டு. விதியைக் காட்டிச் சண்டை போடுங்கள். உங்களுடையது அந்த மெக்கானிக் கடை மூலையில்தான் கிடக்கும். நாளைக்கே போய் போல்ட்டோடு கேட்டு வாங்கி, அங்கேயே நின்று மாட்டிக்கொண்டு வாருங்கள். லுக்குக்குத்தான் பட்டு வேட்டி இருக்கிறதே.