3.5 மெடூசாவை 5-ஆம் பதிப்புக்கு மாற்றுவது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டின் 3.5 பதிப்புச் சாகசத்திலிருந்து, பார்வையாலேயே கல்லாக்கும் அரக்கியான மெடூசாவை எண் மாற்றாமல் 5-ஆம் பதிப்பு ஆட்டத்தில் இறக்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் ஒருவர் கல்லானார், அடுத்த சுற்றில் மெடூசா செத்தது. இரண்டுக்கும் காரணம் வேறு.

செத்ததற்குக் காரணம் ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண். 3.5-இல் சராசரி 33, 2014-இன் 5-ஆம் பதிப்பில் 127. ஏசி (அடி படுவதற்குத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) இரண்டிலும் 15தான். பழைய எண்ணைப் பெருக்கிச் சரிக்கட்டாமல் புது ஸ்டாட் பிளாக்கையே (அவளுடைய எண்கள் உள்ள அட்டவணை) எடுங்கள்.

பார்வையில்தான் உண்மையான மாற்றம். பழையதில் ஃபார்டிடியூட் (உடல் தாங்கும் திறன்) சேவ், அதாவது தப்பிக்கப் போடும் பகடை வீச்சு, டிசி 15 என்ற இலக்கு எண்ணை எட்டத் தவறினால் உடனே கல். புதியதில் கான்ஸ்டிடியூஷன் (உடல்வலு) சேவ், டிசி 14. வீச்சின் மொத்தம் 9 அல்லது அதற்குக் கீழே வந்தால் மட்டுமே உடனே கல். 10 முதல் 13 வரை என்றால் உடல் இறுகத் தொடங்கி ரிஸ்ட்ரெயின்ட் (நகர முடியாத நிலை) ஆகும், அவருடைய அடுத்த டர்ன் (ஆடும் முறை) முடிவில் இன்னொரு வீச்சு. அந்த இடைவெளிதான் இந்த வடிவமைப்பின் அழகு: கிளெரிக் (பூசாரி) பிளெஸ் என்ற மந்திரம் போடலாம், 6-ஆம் லெவல் பாலடின் (புனித வீரர்) பக்கத்தில் வந்து நிற்கலாம்; இரண்டுமே அந்த இரண்டாவது வீச்சுக்கு உதவும்.

மெடூசாவிலிருந்து 30 அடிக்குள் டர்ன் தொடங்கும் ஒவ்வொருவரிடமும் “கண்ணைத் திருப்பிக்கொள்கிறீர்களா?” என்று முதலில் கேளுங்கள். திருப்பினால் சேவ் வேண்டாம், ஆனால் அடுத்த டர்ன் வரை அவளைப் பார்க்க முடியாது; தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை வீசிக் குறைந்ததை எடுப்பது). இதைக் கேட்க மறப்பதுதான் வழக்கமான பிழை.

கல்லானவரை மீட்க கிரேட்டர் ரெஸ்டொரேஷன் போன்ற மந்திரம் வேண்டும். கிளெரிக்குக்கு அது 9-ஆம் லெவலில்தான் கிடைக்கும். உங்கள் குழு அதற்குக் கீழே என்றால் குகையிலேயே அந்த மந்திரத்தின் ஒரு ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) வையுங்கள்.