1918 வெள்ளி ரூபாயில் பச்சைப் பிசுக்கு

நண்பரே, ஆல்பத்தில் வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பச்சையாய்ப் பிசுபிசுக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். புளி, விபூதி, பற்பசை எதுவானாலும் பளபளப்பு வரும், சேகரிப்பு மதிப்பு போய்விடும்.

இது ஆல்பத்தின் பிவிசி (ஒருவகை மென் பிளாஸ்டிக்) உறையின் வேலை. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது வரும் அமிலம் ரூபாயில் கலந்துள்ள 8.3 சதவீதச் செம்பைத் தின்னும்.

பிசுக்கைக் கரைக்கும் திரவமான அசிட்டோனைக் கலப்பில்லாததாக வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, அதில் வாசனையும் எண்ணெயும் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்க ஊற்றி, மூடி, 10 நிமிடம் விடுங்கள். (பிளாஸ்டிக் கிண்ணம் என்றால் அதுவும் கரைந்து இன்னொரு தலைவலி.) விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் போட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை. துடைக்காதீர்கள், தானே உலரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு, ஊதுபத்தி பக்கமே போக வேண்டாம். மன்னரின் தாடி இடுக்கில் தங்கிய பச்சையை, நனைத்த பஞ்சுக் குச்சியை மெல்ல உருட்டி எடுக்கலாம். அடியில் குழி விழுந்திருந்தால் அது மாறாது.

இனி மைலார் (பிவிசி இல்லாத பாலியெஸ்டர் தாள்) ஒட்டிய அட்டை உறை போதும். அந்த ஆல்பத்தின் மற்ற நாணயங்களையும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.