கணக்கு நோட்டும் விடுதலைச் சான்றும்

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், வருவாய்த்துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி.

கேள்வி: எங்கள் ஊருக்கு வெளியே செங்கல் சூளை இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள். யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. இவர்களையும் கொத்தடிமைகள் என்கிறார்களே, சரிதானா?
– வாசகர், ஊத்துக்கோட்டை

பதில்: எல்லாச் சூளையும் அப்படி இல்லை. ஆனால் சங்கிலியைத் தேடிக்கொண்டு போனால் எந்தச் சூளையிலும் ஒன்றும் அகப்படாது. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். வேலி இல்லை, காவலாளி இல்லை. எட்டு வயதிருக்கும் ஒரு பையன், வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பச்சைக் கற்களின் மேல் நடந்து ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்றே நினைத்தேன். பெரியவர்கள் மிதித்தால் ஈரக்கல் அமுங்கிவிடும், பிள்ளைகளின் எடையைத் தாங்கும், அதனால்தான் அந்த வேலை பிள்ளைகளுக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். அவர்கள் மொழி எங்களில் யாருக்கும் தெரியாததால் மேஸ்திரியையே மொழிபெயர்க்கச் சொன்னோம். "எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களாம் அம்மா" என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் வேறு மாதிரி பாருங்கள். சந்தைக்குக் குடும்பம் முழுவதும் வருகிறதா, அல்லது யாராவது ஒருவர் எப்போதும் சூளையிலேயே தங்கிவிடுகிறாரா? ஊரில் சாவு என்றால் போகவிடுகிறார்களா? பக்கத்துச் சூளையில் கூலி அதிகம் என்றால் அங்கே போகலாமா? 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். முன்பணம் வாங்கிய ஒருவர் அதன் காரணமாக விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, வேறு வேலை தேடும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ இழந்திருந்தால் போதும். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டட வேலை தொடர்பான வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. பசி ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றது.

தயவுசெய்து நீங்களே உள்ளே போய் விசாரிக்காதீர்கள். மறுநாள் காலையில் அந்தக் குடும்பங்கள் அங்கே இருக்க மாட்டார்கள். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள். குழந்தைகள் வேலை செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். விசாரணைக்கு வரும்போது அவர்கள் மொழி தெரிந்த வெளியாள் ஒருவரை அழைத்து வரும்படி மனுவிலேயே கேளுங்கள்.

கேள்வி: அரிசி ஆலை நடத்துகிறேன். ஒரு குடும்பத்துக்கு 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார்கள். என் பணத்துக்கு யார் பொறுப்பு? அனுதாபமெல்லாம் அவர்களுக்குத்தானா?
– பெயர் வேண்டாம்

பதில்: பெயரில்லாவிட்டாலும் கோபம் நியாயமாகவே தொனிக்கிறது. முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஏன் பகலில் கிளம்பவில்லை? அந்தக் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருந்தால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு சூளையின் கணக்கு நோட்டு என் கையில் கிடைத்தது. முன்பணம், அரிசி, காய்ச்சல் மருந்து எல்லாம் எழுதியிருந்தது. அதற்குக் கீழே "மழையில் கரைந்த கல்" என்று ஒரு வரி. முதலாளியின் கல்லை வானம் கரைத்ததற்கும் தொழிலாளியின் பேரில் பற்று! இப்படிப்பட்ட கடன் எத்தனை சீசன் உழைத்தாலும் தீராது. அது கொத்தடிமைக் கடன் என்றால், சட்டப்படி அது இப்போது இல்லவே இல்லை. திருப்பி வசூலிப்பதும் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. அது அப்படிப்பட்ட கடனல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான். ஆசை காட்டி அழைத்து வந்து அடைத்து வைத்ததாக ஆள் கடத்தல் பிரிவும் சேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு. ஒருவருக்கு மேல் என்றால் 10. உங்கள் நோட்டை இன்றைக்கே எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஜூலை 30, ஆள் கடத்தலுக்கு எதிரான உலக நாள். பள்ளியில் ஊர்வலம் நடத்துகிறோம். மாணவர்களிடம் என்ன பேசலாம்?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: வெள்ளை வேனில் வரும் திருடனைப் பற்றிப் பேச வேண்டாம். பெரும்பாலும் வருகிறவர் மாமாவுக்குத் தெரிந்தவர், நல்ல சட்டை போட்டவர், கையில் முன்பணத்தோடு வருகிறவர். படித்த பிள்ளைகளும் தப்பவில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று 2022-இல் கிளம்பிய தமிழ்நாட்டு இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோனார்கள். இணையத்தில் ஆட்களை ஏமாற்றுவதுதான் அங்கே வேலை. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று எவர் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம் என்று மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மீட்கப்பட்டவர்களுக்கு எங்கள் மகளிர் குழு துணிமணி, அரிசி கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டோம். வேறென்ன செய்யலாம்?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: அரிசி சரி. படத்தை அழித்துவிடுங்கள் அம்மா. அவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஏஜெண்டுக்கு அது விலாசம் கொடுத்த மாதிரி.

பிறகு ஒரு காகிதத்தைக் கேளுங்கள்: விடுதலைச் சான்று. இவர் கொத்தடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுப்பது அது. நான் அந்த அறிக்கை எழுதிய சூளைக்கு, மறு வருடம் புகார் வந்து மறுபடி போனோம். இந்த முறை உண்மை வெளிவந்தது. ஆனால் அவசர அவசரமாகப் பஸ் ஏற்றி அனுப்பினோமே தவிர, ஒருவர் கையிலும் சான்று கொடுக்கவில்லை. சான்று இல்லாதவர் அரசாங்கத்தின் பார்வையில் மீட்கப்பட்டவரே அல்ல. அடுத்த சீசனில் பக்கத்துத் தாலுகாவில், வேறொரு சூளையில் அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது கல் புரட்டவில்லை, மண் குழைத்துக்கொண்டிருந்தான்.

சான்று இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். பெரிய தொகை வழக்கோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் இழுத்தடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் உங்கள் குழுவின் வேலை. உங்கள் பக்கம் பெரும்பாலும் இருளர் குடும்பங்களாக இருப்பார்கள். சாதிச் சான்று, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் ஏற வேண்டும். தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். உங்களைப் போல நாலு பேர் கூடப் போனால் நாற்காலி போடுவார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன். சாட்சி சொல்லும் நாளில் நீதிமன்றத்துக்கும் உடன் போங்கள். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100-க்கு அழையுங்கள். கடத்தலுக்கு ஆளானவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.