ஆடிக்காற்றும் ‘ஆல்கஹால்’ கிரீமும்

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கமுங்க. இந்தக் காத்துக்கு முகமும் கையும் வறண்டு எரியுது. எனக்குச் சட்டுன்னு தடிச்சுப்போற தோல். கடையில வாங்குன கிரீமில் ‘செட்டைல் ஆல்கஹால்’னு போட்டிருக்கு. பூசலாமுங்களா? இல்லை, காங்கேயத்துச் செக்குத் தேங்காயெண்ணெயே போதுமா?

பதில்: பெயரைப் பார்த்து டியூபைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்பிரிட் சில்லென்று ஆவியாகி, போகிற போக்கில் தோலின் எண்ணெய்ப் பசையையும் கொண்டுபோய்விடும். செட்டைல் ஆல்கஹால் அந்த ரகமே இல்லை. தென்னை, பனை எண்ணெய்களிலிருந்து எடுக்கும் மெழுகு அது. வெள்ளைச் சீவலாக இருக்கும்; 49 டிகிரி வாக்கில்தான் உருகும். வறண்ட மேல்தோலின் சொரசொரப்பை நிரவி வழவழப்பாக்கும். ஒவ்வாமை தருவது அபூர்வம். ஸ்பிரிட் ரகமான ‘ஆல்கஹால் டினாட்’ பொருள் பட்டியலின் ஆரம்பத்திலேயே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதிகம் சேர்ந்த பொருள்தான் அதில் முதலில் வரும்.

பொதுவாக, மென்மையாக்கும் பொருளைவிடக் கூட வருகிறவைதான் வம்பு. முதல் சந்தேகம் வாசனையின் மேல். ‘அன்சென்டட்’ (மணமற்றது) என்றிருந்தாலும் வாடையை மறைக்க வாசனைப் பொருள் கலந்திருக்கலாம். ‘ஃபிராகரன்ஸ் ஃப்ரீ’ (வாசனைப் பொருளே சேர்க்காதது) என்று பார்த்து வாங்குங்கள். அடுத்து, கெடாமலிருக்கச் சேர்ப்பவை. மெத்தில்ஐசோதயசோலினோன் என்பதை, பூசிக் கழுவாமல் விடும் கிரீம்களில் சேர்க்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடையே போட்டுவிட்டது. ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிரீமில் சேர்க்கும் யூரியா நல்ல பொருள்தான், ஆனால் வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும். ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

செக்கு எண்ணெயைக் கைகாலுக்குத் தாராளமாகப் பூசலாம். முகப்பரு வருகிற முகமென்றால் வேண்டாம், துளைகளை அடைக்கும். உசத்தி என்று ஆலிவ் எண்ணெய்க்குப் போகாதீர்கள். அதிலுள்ள ஒலியிக் அமிலம் தோலின் காப்பைத் தளர்த்திவிடும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு என் சிபாரிசு, வாசனை சேராத வெள்ளை வாசலின். பிசுபிசுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரத்தை அதுபோல் பூட்டிவைப்பது வேறில்லை. அதில் தண்ணீரே இல்லாததால் கெடாமலிருக்க எதுவும் கலக்கவும் வேண்டியதில்லை. குளித்ததும் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மெல்லிசாகத் தடவுங்கள்.

எந்தக் கிரீமானாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். சிவந்து அரித்தாலோ கொப்புளித்தாலோ நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது டியூபையும் அது வந்த அட்டைப்பெட்டியையும் எடுத்துப்போங்கள். பொருள் பட்டியல் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும்.