700 ரூபாய்க்கு வெட்டுக்கத்தி வாங்கலாமா?

கேள்வி: இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. வரப்பில் உண்ணிச்செடியும் வேலியோரம் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. ஆன்லைனில் 700 ரூபாய்க்கு ஒரு பெரிய ‘சர்வைவல்’ கத்தி வருகிறது: கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், கூடவே உறை. எங்கள் ஊர்ப் பட்டறையிலும் ஏறக்குறைய அதே விலைக்கு அரிவாள் அடித்துத் தருகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பட்டறை அரிவாளை வாங்குங்கள். 700 ரூபாய்க்கு உருப்படியான வெட்டுக்கத்தி கிடைக்கவே செய்யும். ஆனால் அந்தக் காசு எஃகுக்கும் தோய்ச்சலுக்கும் (அலகைப் பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவதற்கும்) போயிருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் கத்தியில் அது பூச்சுக்கும் ரம்பப் பல்லுக்கும் உறைக்கும் போயிருக்கிறது.

முதுகில் உள்ள பல் மரத்தை அறுக்காது. நாலு இழுப்பிலேயே தூள் அடைத்துக்கொண்டு சிக்கும். அதைவிடக் கெடுதல், ஒவ்வொரு பல்லின் இடுக்கும் விரிசல் தொடங்குவதற்கான இடம். விறகு பிளக்க முதுகில் கட்டையால் தட்டவும் முடியாது.

அடுத்தது உலோகம். இந்த விலைக் கத்திகளில் பெரும்பாலும் 420 அல்லது 3சிஆர்13 என்ற ஸ்டெயின்லெஸ் வகைதான் இருக்கும். குரோமியம் 13 சதவீதம் அளவில், கார்பன் 0.3 சதவீதம் அளவில். சமையலறைக்கு இது போதும். கட்டையில் ஓங்கி வெட்டினால் வாய், அதாவது வெட்டும் ஓரம், சீக்கிரம் மடிந்துவிடும். பட்டறைக்காரர் எடுப்பது பெரும்பாலும் லாரியின் வில்லுப் பட்டை (ஸ்பிரிங் தகடு). அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம். அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே செய்த எஃகு அது. துருப்பிடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. வேலை முடிந்ததும் ஒட்டிய சாறு போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள், போதும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

மூன்றாவது, பிடி. மலிவான பெரிய கத்தி முறிவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அலகும் பிடியும் சேரும் இடத்தில். அலகிலிருந்து பிடிக்குள் போகும் வால் பென்சில் தடிமனில் குறுகியோ, ஒரு கம்பியைப் பற்றவைத்தோ இருந்தால் வாங்கவே வேண்டாம். தீப்பெட்டி, தூண்டில் வைக்கப் பிடியைக் குழாயாகச் செய்த கத்திக்கும் இதே தீர்ப்புதான். முறிந்த அலகு வெட்டிய வேகத்தோடு பறக்கும். அகலமான வால் பிடியின் கடைசிவரை ஓடி, இரண்டு மூன்று ரிவெட் போட்டிருக்க வேண்டும். அல்லது பட்டறைப் பழக்கப்படி வால் பிடியைத் துளைத்து வெளியே வந்து, முனை மடக்கி அடித்து, முன்னால் இரும்புப் பூண் இறுகியிருக்க வேண்டும்.

அலகு மெலிதாக இருக்கிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். பிரேசிலின் டிராமொன்டினா போன்ற கம்பெனிகளின் மச்செட்டி (நீண்ட, மெல்லிய வெட்டுக்கத்தி) சுமார் 2 மி.மீ. தடிமன்தான். கரும்பு, புதர், பச்சைக் கொடி எல்லாம் வீச்சின் வேகத்தில் விழும், கையும் சோராது. உங்கள் உண்ணிச்செடிக்கு அப்படி ஒன்று போதும். தென்னை மட்டைக்கும் கருவேலக் கிளைக்கும் 5 மி.மீ. முதுகுள்ள அரிவாள் வேண்டும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போன கருவேலத்தில் எந்தக் கத்தியையும் வைக்காதீர்கள். காய்ந்த கட்டை என்றால் வீச்சு வழுக்கித் தொடையில் இறங்கும். 300 ரூபாய்க் கைரம்பம் அந்த வேலையைக் கால்வாசி உழைப்பில் முடித்துவிடும்.

கேள்வி: புதிதாக அடித்து வாங்கிய அரிவாள். முதல் நாளே வாயில் ஒரு பக்கம் மடிந்தும் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்து பல் விழுந்தும் விட்டது. பட்டறையில் கேட்டால் சாணை பிடித்தவர் மேல் பழி போடுகிறார்கள்.

பதில்: இரண்டு பேரும் காரணமாக இருக்கலாம். அரத்தால் சோதித்துப் பாருங்கள். நல்ல அரத்தை வாயின் ஓரத்தில் மெல்ல இழுங்கள். கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கினால் எஃகு அளவுக்கு மீறிக் கடினம். பல் விழுவது அதனால். ஆணியில் இழுப்பதுபோல் பொதபொதவென்று தின்றால் மென்மை, மடிவது அதனால். அரம் பிடிக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் எதிர்க்கவும் வேண்டும். அதுதான் சரியான பதம்.

ஒரே அலகில் இரண்டும் நடந்திருப்பதால் மடிந்த பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரமாக நீல நிறக் கோடு தெரிந்தால் குற்றம் சாணையுடையது. மின்சாரச் சாணையில் தண்ணீர் தொடாமல் பிடித்தால் சில நொடிகளில் ஓரம் 300 டிகிரியைத் தொட்டு நீலமாகும். அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விடும். நீலம் தேய்ந்து மறையும்வரை ஓரத்தை அரத்தால் எடுத்துவிட்டால் பழைய எஃகு வந்துவிடும். பல் விழுந்த இடத்தையும் அதே வேலையில் சமன் செய்துவிடலாம்.

நீலம் எங்கும் இல்லையென்றால் பட்டறைக்கே கொண்டு போங்கள். தோய்த்த பின் இளஞ்சூட்டில் பதம் இறக்கும்போது (கடினத்தைக் கொஞ்சம் குறைக்கும்போது) வாயில் பழுப்பும் முதுகில் நீலமும் வரவேண்டும். வாய் வைக்கோல் நிறத்திலேயே நின்றால் வெட்டுவேலைக்கு அது மிகவும் கடினம். மறுபடி பதம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

தீட்டுவதை நீங்களே பழகிக்கொள்ளுங்கள். 10 அங்குல அரம், கையுறை, அலகை இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி, அவ்வளவுதான். செங்குத்தில் பாதி 45 டிகிரி, அதிலும் பாதி 22. அரத்தை அந்தச் சாய்வில் பிடித்து ஒரே திசையில் தள்ளுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம். கடைசியில் கல்லில் நாலு இழுப்பு. சவரக்கத்திபோல் மெலிதாக்கினால் கருவேலம் அன்றே வாயைப் பெயர்த்துவிடும்.

கேள்வி: பிடி ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: அன்று ஒரு நாள் இறுகும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். பிடியைக் கழற்றி, துளையில் அரக்கைப் பொடித்துப் போட்டு, வாலைச் சூடாக்கிச் செருகி ஆறவிடுங்கள். சூடாக்கும்போது அலகில் ஈரத்துணி சுற்றிவையுங்கள், வாய்ப் பதம் கெடாது. பிடியே வெடித்திருந்தால் புதுப் பிடிதான்.

கேள்வி: பெரிய கத்தி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா? ஆன்லைனில் வாங்கியது சரியில்லை என்றால் என்ன செய்வது?

பதில்: 2016 ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அரிவாள் விவசாயக் கருவி. போர்க்கத்திபோல் வடிவமைத்து விற்பதற்கு அந்த விலக்கைக் காட்டுவது கடினம். அதை வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரிவாளானாலும் பேருந்திலோ வண்டியிலோ கொண்டுபோகும்போது சாக்கில் சுற்றிக் கட்டி, பில்லையும் உடன் வையுங்கள். பட்டறையில் பெயரும் முகவரியும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

ஆன்லைனில் போட்டிருக்கும் நீளம் பல சமயம் பிடியையும் சேர்த்தது. அலகு எத்தனை அங்குலம், என்ன எஃகு என்று எழுதாத பொருளைத் தவிருங்கள். எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதைக் காட்டியே ஆகவேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அலகை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்துக் கோணல் உண்டா என்று சோதியுங்கள், பிடியை உதறிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை கட்டையில் வெட்டாதீர்கள். வெட்டுத் தழும்பு விழுந்தால் திரும்ப எடுக்க மறுப்பார்கள். அவர்கள் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.