மே மாதம் 35ஆம் தேதி

கேள்வி: என் மகன் எம்.பி.பி.எஸ். படிக்கச் சீனாவுக்குப் போகிறான். அங்கே வாட்ஸ்அப் கிடையாதாம், எல்லாம் வீசாட்தானாம். "நீங்க என்ன அரசியலா பேசப் போறீங்க, பயப்படாதீங்க" என்கிறார் ஏஜென்ட். பயப்படாமல் இருக்கலாமா? (பெயர் போட வேண்டாம், நாமக்கல்)

பதில்: பெயர் போட வேண்டாம் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு ஏஜென்டைவிட விவரம் அதிகம்.

எது அரசியல் என்பதை அங்கே நீங்களோ அவரோ முடிவு செய்வதில்லை. 2019 டிசம்பர் 30 அன்று வூஹான் கண் மருத்துவர் லீ வென்லியாங், தன்னோடு படித்த டாக்டர்களின் வீசாட் குரூப்பில், சார்ஸ் மாதிரி ஒரு நோய் வந்திருக்கிறது, வீட்டில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள் என்று எழுதினார். அவ்வளவுதான். ஜனவரி 3ஆம் தேதி போலீஸ் கூப்பிட்டு ஒரு கண்டனக் கடிதத்தை நீட்டியது. இனி இப்படி நடக்காமல் இருக்க முடியுமா? "முடியும்." புரிந்ததா? "புரிந்தது." இரண்டையும் எழுதி, படித்த டாக்டர் ரேகையும் வைத்தார். பிப்ரவரி 7ஆம் தேதி கொரோனாவில் இறந்தார். உங்கள் மகன் சேரப்போவதும் டாக்டர்கள் குரூப்பில்தான்.

வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கிற பூட்டு வீசாட்டில் இல்லை. கூடாத சொல் இருந்தால் செய்தி சத்தமில்லாமல் நடுவழியில் காணாமல் போகும். அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்த மாதிரியே தெரியும். ஜனநாயகம் கேட்டுத் திரண்டவர்களைப் பெய்ஜிங்கில் ராணுவம் சுட்டுக்கொன்ற 1989 ஜூன் 4 தியானன்மென் படுகொலையை எழுத வழியில்லாமல் அங்குள்ளவர்கள் மே 31க்கு மேலும் எண்ணிக்கொண்டே போய் 'மே 35' என்று எழுதிப் பார்த்தார்கள். அதையும் கண்டுபிடித்துத் தடுத்தார்கள். இந்தத் தடை சீன நம்பரில் திறந்த கணக்குகளுக்குத்தான்; வெளிநாட்டு நம்பரில் திறந்தவர்கள் மட்டும் தப்பினார்களா? அவர்கள் தங்களுக்குள் அனுப்பும் படங்களும் ஃபைல்களும்கூட அலசப்பட்டு, சீனக் கணக்குகளுக்கான தடைப்பட்டியலை வளர்க்க உதவுகின்றன என்று டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2020இல் காட்டியது. உங்கள் மகனுக்கோ அந்த நம்பர் கதையும் இல்லை. 2020 ஜூனில் இந்தியா வீசாட்டைத் தடை செய்துவிட்டதால், அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கும் சீன சிம்மில்தான் பெரும்பாலும் கணக்குத் திறப்பான்.

திறக்கட்டும். வகுப்பு அறிவிப்பு முதல் டீக்காசு வரை அதில்தான். வீட்டுப் பேச்சுக்கு மட்டும் இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டேட்டா நம்மூர் கம்பெனி வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸ்அப் பொதுவாக வேலை செய்யும். பில் கொஞ்சம் கடிக்கும். இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன், அனுமதி இல்லாதது என்றால், அங்கே சட்டவிரோதம். "எல்லாரும் போடறாங்க" என்பார் ஏஜென்ட்; மாட்டினால் அவர் வரமாட்டார். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி, தேசப் பாதுகாப்பு அதிகாரிகள் போனையும் லேப்டாப்பையும் வாங்கிப் பார்க்கலாம்.

இன்னொன்று. 2017 அக்டோபரில் வந்த விதிப்படி, குரூப்பில் வருவதற்கு அதை நடத்துபவரும் பொறுப்பு. அது அவனுடைய சீன வகுப்புத் தோழனாக இருந்தால், உங்கள் மகன் விளையாட்டாகப் போடும் படத்துக்கு அந்தப் பையன் பதில் சொல்ல வேண்டி வரலாம். உங்கள் மகனாவது விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடுவான். இதையும் சொல்லி அனுப்புங்கள்.