ஜீப்பின் பின்கண்ணாடி கழன்று விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: நீலகிரி மாவட்டத்தில் வசிக்கிறேன். 2014-இல் பதிவான, கேன்வாஸ் படுதா போட்ட மகிந்திரா தார் வாகனம் வைத்திருக்கிறேன். ஜனவரியில் இன்சூரன்ஸைப் புதுப்பித்த பிறகு, மார்ச்சில் ஒரு பட்டறையில் 85,000 ரூபாய் கொடுத்து ஃபைபர் கூரை போட்டு, பின்ஜன்னலுக்கு அளவெடுத்துச் சாயமிட்ட அக்ரிலிக் தகட்டைப் பொருத்தினேன். ஜூலையில் மலைப்பாதையில் அந்தத் தகடு ரப்பர் பீடிங்கோடு பிய்ந்து விழுந்ததில், பின்னால் ஸ்கூட்டரில் வந்தவருக்குக் கையில் காயம். என் பின்கதவும் நசுங்கியது. போலீஸார் அபராதம் விதித்தார்கள். அனுமதியில்லாத மாற்றம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கிறது. "நீங்கள் கேட்டதைத்தான் செய்தேன்" என்கிறார் பட்டறைக்காரர். நல்ல கண்ணாடியாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது. ஜன்னலில் இருக்கும் குற்றம் சிறியது. அதற்கு மேலே இருக்கும் கூரைதான் உங்களை அதிகம் சிக்க வைக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 100, வாகன ஜன்னல்களில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும் என்கிறது. மூன்று சக்கர வாகனங்களுக்கும், படுதாவும் பக்கத்திரைகளும் கொண்ட வாகனங்களுக்கும் மட்டும் அக்ரிலிக் அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டை அந்த விதி அனுமதிக்கிறது. ஆகவே பழைய படுதாவில் அதே தகட்டைத் தைத்திருந்தால், சாயத்தைத் தவிர வேறு குறை சொல்ல இடமிருந்திருக்காது. படுதாவைக் கழற்றிவிட்டுக் கெட்டிக் கூரை போட்ட அன்றே அந்தச் சலுகை உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. சாயம் தனிக் குற்றம். பின்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். கறுப்பு ஃபிலிம் தொடர்பான அவிஷேக் கோயங்கா வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகளைத்தான் கறாராகப் பின்பற்றச் சொன்னது.

கூரைக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) விவரங்கள் மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்று தடுக்கிறது. "மாற்றம்" என்றால் வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று அதே பிரிவு விளக்கமும் தருவதால், கழற்றி மாட்டக்கூடிய கூரை அந்த வரையறைக்குள் வராது என்று வாதிட இடமுண்டு. ஆனால் கேரளத்திலிருந்து சென்ற ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து விலகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டபடியால், அந்த வாதத்தை மட்டும் நம்பி வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போகுமாறு நான் சொல்லமாட்டேன். பிரிவு 182ஏ(4)-இன்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அபராத ரசீதில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரிவு 177 என்றிருந்தால் பெரும்பாலும் கண்ணாடிக்காக. 182ஏ என்றிருந்தால் கூரைக்காக. எதுவானாலும், பணம் கட்டிவிட்டதால் கூரை சட்டப்படியானதாக ஆகிவிடாது. கூரையை வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் விவரங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் பிரிவு 57-இன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். இல்லையெனில் படுதாவுக்கே திரும்பிவிடுங்கள். 2029-இல் 15 ஆண்டு பதிவு முடிந்து வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது இதே கேள்வி எப்படியும் எழும்.

அனுமதி கிடைத்துப் புதுக் கண்ணாடி போடுவதானால், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் மூலையில் பதிந்த கண்ணாடியையே ஏற்றுக்கொள்ளுங்கள். டெம்பர்ட் கண்ணாடியை (சூடேற்றி உறுதியாக்கும் பாதுகாப்புக் கண்ணாடி) சூளையில் ஏற்றிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே கூரையின் திறப்பை அச்செடுத்து, வைப்பர் துளை உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். இது வழக்கறிஞர் சொல்ல வேண்டிய விஷயமில்லைதான். ஆனால், "அளவு சரியாக வரவில்லை, அதனால் அக்ரிலிக் போட்டுவிட்டேன்" என்ற பட்டறைப் பேச்சிலிருந்து தொடங்கிய தகராறுகளைப் பார்த்திருக்கிறேன்.

காயமடைந்தவர் இழப்பீடு கேட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் அவ்வளவு எளிதில் நழுவ முடியாது. மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து விடுபட, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 150 பட்டியலிடும் காரணங்களில் ஒன்றையாவது அது நிரூபிக்க வேண்டும். வண்டியை மாற்றியமைத்தது அந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை. முக்கிய உண்மையை மறைத்துப் பாலிசி பெற்றார் என்ற காரணம் உண்டு, ஆனால் நீங்கள் ஜனவரியில் புதுப்பித்தபோது அந்தக் கூரையே கிடையாது. அடுத்த புதுப்பித்தலில் சொல்லாமல் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் பின்கதவுச் சேதம் வேறு கதை. அது உங்கள் இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. விழுந்ததே அந்தத் தகடுதான் என்பதால் மறுப்புக்குக் காரணமும் வலுவாக இருக்கிறது. நிபந்தனை மீறல் இருந்தும் கேட்ட இழப்பீட்டில் 75 சதவீதம் தரச் சொன்ன அமலேந்து சாகு வழக்கு (2010), சொந்த வண்டியை வாடகைக்கு விட்டது பற்றியது. அங்கே மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை, இங்கே இருக்கிறது. இதற்காக அலைவது வீண் என்பது என் கருத்து.

பட்டறைக்காரரிடம்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, புகாரைச் சரியாக எழுதினால். "அனுமதி வாங்காமல் கூரை போட்டார்" என்று எழுதினால், அதைக் கேட்டவரே நீங்கள்தான் என்று திருப்பியடிப்பார். நான்கே மாதத்தில் பிய்ந்து விழும்படி பொருத்தினார், கெட்டிக் கூரைக்கு உதவாத பொருளை ஜன்னலாகக் கொடுத்தார் என்று சேவைக் குறைபாட்டை மட்டும் எழுதுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமில்லை. முதலில் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்புங்கள். விழுந்த தகட்டையும் பீடிங்கையும் பில்லோடு பத்திரமாக வைத்திருங்கள்; "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று பட்டறைக்காரர் கேட்டாலும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.